ஆலை நடத்துபவரே சம்பளத்துக்கும் பொறுப்பு

திருகோணமலையைக் கைத்தொழில், வலுசக்தி மையமாக வளர்க்க இலங்கையும் இந்தியாவும் 2023 ஜூலையில் இணங்கின. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய பேச்சே பெரிதாகக் கேட்கிறது. தாங்கிகள் அதிகம் பேருக்கு வேலை தரா. ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பவை இலத்திரனியல் பொருத்துத் தொழிற்சாலைகள் போன்றவையே. அவை கப்பல்துறைப் பக்கம் வந்தால் நாம் வரவேற்போம். ஆனால் உப ஒப்பந்தத்தின் விதிகளை முதலில் பேசி முடிக்க வேண்டும்.

கைபேசியில் ஒரு கம்பனியின் பெயர் இருக்கும். அதைப் பொருத்துவது இன்னொன்று, அங்கே ஆள் வழங்குவது மூன்றாவது. விலையையும் திகதியையும் மேலே இருப்பவர் முடிவு செய்கிறார். பிந்தினால் நெருக்கடி ஒவ்வொரு படியாகக் கீழிறங்கி, கடைசியில் மேலதிக நேர வேலையாகத் தொழிலாளியிடம் வந்து நிற்கிறது.

இந்தியாவில் 2020 டிசம்பரில், அப்பிளுக்கு ஐபோன் பொருத்திய விஸ்ட்ரன் நிறுவனத்தின் கோலார் ஆலையைத் தொழிலாளரே அடித்து நொறுக்கினர். பெரும்பாலானோர் ஆள்வழங்கும் கம்பனிகள் மூலம் வந்தவர்கள். பேசிய சம்பளம் கைக்கு வரவில்லை என்பதே கோபம். குறுகிய காலத்தில் ஆட்தொகையை இரட்டிப்பாக்கிய ஆலையில் வேலை நேரக் கணக்குக்கூடச் சரியாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில், அதே ஐபோனைப் பொருத்தும் ஸ்ரீபெரும்புதூர் பொக்ஸ்கொன் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கு மேற்பட்டோர் வைத்தியசாலையில் சேர்ந்தனர். ஒரே அறையில் 30 பேர்வரை தரையில் படுத்த விடுதிகள் அவை. சக பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இரண்டு ஆலைகளையும் அப்பிள் கண்காணிப்பில் வைத்தது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

இத்தனைக்கும் இந்தியாவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது: ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மைத் தொழில்தருநர் தர வேண்டும். இலங்கையில் ஆள்வழங்கும் கம்பனிகளை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டமே இல்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. அதன்படி சம்பளத்தில் தொழில்தருநர் 12, தொழிலாளி 8 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் கட்டுநாயக்காவில் ‘மேன்பவர்’ ஆட்களாக இன்று ஒரு ஆலை, நாளை இன்னொன்று என்று போகும் பிள்ளைகளிடம் அந்த 12ஐக் கட்டுவது யாரென்று கேட்டுப் பாருங்கள். மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்கும் அந்த நிலை வரக்கூடாது.

எனவே முதலீட்டுச் சபை இங்கே கைச்சாத்திடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சம்பளம், சேமலாப நிதி, விடுதி மூன்றுக்கும் ஆலை நடத்துபவரே இறுதிப் பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும். உப ஒப்பந்தக்காரர் பட்டியல் தொழில் திணைக்களத்திடம் இருக்க வேண்டும். விடுதிகளை முன்னறிவித்தலின்றிப் பார்வையிடும் உரிமையும் அதற்கு வேண்டும். வாங்கும் கம்பனிகளின் நடத்தைக் கோவைகளை நாம் வெறுக்கவில்லை. அவை அவர்களே எழுதி அவர்களே திருத்துபவை, சட்டத்துக்கு ஈடாகா. செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், அதை ஓடர் விலையில் சேர்க்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வான் கொண்டுவந்து ஆள் சேர்ப்பவரிடம் சேமலாப நிதி எந்தக் கம்பனியின் பெயரில் கட்டப்படும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.