ஃபாஸ்கோவுக்கு வக்காலத்து வேண்டாம்

வில்கி காலின்ஸின் ‘தி உமன் இன் ஒயிட்’ நாவலில் (1859–60) வரும் கவுண்ட் ஃபாஸ்கோ, வில்லனே ஆனாலும் காதலால் மீட்சி பெறுகிறானாம், ஒரு கட்டுரை சொல்கிறது. வெள்ளெலிகளைக் கொஞ்சுகிறான், நாயகி லாராவின் சகோதரி மேரியனை மனதார மதிக்கிறான் என்று சான்றும் அடுக்குகிறார் கட்டுரையாளர்.

மதிப்பா? காய்ச்சலில் அவள் கிடக்கையில் அவளுடைய நாட்குறிப்பைப் படித்து, அதிலேயே பாராட்டுரையும் எழுதிவைத்தவன் அவன்! பூட்டை உடைத்த திருடன், வீட்டு அலங்காரத்தைப் புகழ்ந்து சீட்டு எழுதிவைப்பது போல.

அவன் மனைவியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, வசதியான மறதி. திருமணத்துக்கு முன் பெண்ணுரிமை பேசியவள், இப்போது வாய்திறக்காமல் அவனுக்குச் சிகரெட் சுருட்டித் தருகிறாள். வசீகரம் என்ன செய்யும் என்பதற்கு அவளே சாட்சி. அவளுடைய சகோதரன் மகளான லாரா இறந்தால், ஃபாஸ்கோவின் மனைவிக்கு 10,000 பவுண்டு வரும். அதற்காகத்தான் லாராவின் சாயல் கொண்ட, இறந்துபோன ஆன் கேத்தரிக்கை லாராவின் பெயரில் புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை மனநோய்க் காப்பகத்தில் அடைக்கிறான்.

காலின்ஸ் அவனை ரசித்து எழுதினார், மறுக்கவில்லை. ஆனால் அவனைப் பாரிஸ் பிணவறையில் கிடத்தி, கூட்டம் முண்டியடித்து வேடிக்கை பார்க்கவைத்தவரும் அவர்தானே?