சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு!

“புல்லட்டில் ஆயில் ஒழுகவில்லையா? அப்படியென்றால் உள்ளே ஆயிலே இல்லை!” பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த ஜோக்கைக் கேட்டிருப்பார்கள். ஆனால், இதை நம்பி ஒழுக்கை அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆயில் பின் டயரில் பட்டால் வளைவில் வண்டி வழுக்கும். பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அளவு மிகவும் குறைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் ஜாம் ஆகலாம்.

அதற்காக, நாலு சொட்டைப் பார்த்ததும் இன்ஜினை இறக்கவும் வேண்டாம். முதலில் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு விடுமுறை நாள் காலை போதும்.

சென்னையில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா காலத்து காஸ்ட் அயர்ன் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். கியர் லிவர் வலது பக்கம் இருக்குமே, அந்த வண்டிதான். அதில் இன்ஜின், கியர் பாக்ஸ், இடது பக்க கிளட்ச் கவர் என மூன்று இடங்களில் தனித்தனியாக ஆயில் இருக்கிறது. எனவே முதல் கேள்வி, ஒழுகுவது எந்த ஆயில்?

ராத்திரி வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடது பக்கம் சாய்ந்து, எல்லா ஆயிலும் அந்தப் பக்கமே வழிந்து குழப்பும். காலையில் சொட்டைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக, இளகலாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். இடது கவருக்கு நேர் கீழே சொட்டியிருந்தால் கிளட்ச் பக்கத்தைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது குளியல். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில், மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கைக் கழுவுங்கள். துணியால் துடைத்து முழுக்கக் காய விடுங்கள். பிறகு சந்தேகமான மூட்டுகளில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஆயில் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆயில் கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் இருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு. மேலே ராக்கர் கவரில் கசிகிற ஆயில் கீழே இறங்கி டிரெயின் நட்டில் சொட்டும். நாம் பாவம், அந்த நட்டையே முறுக்கிக்கொண்டிருப்போம். அலுமினியத்தில் மரை போய்விட்டால் அது பெரிய செலவு.

எதையும் கழற்றுவதற்கு முன் பிரீதர் குழாயைப் பாருங்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உள்ளே உண்டாகும் காற்றழுத்தம் வெளியேறும் வழி அது. குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தால், அதன் ரப்பர் வால்வ் காய்ந்து இறுகியிருந்தால், அழுத்தம் ஒவ்வொரு பேக்கிங் வழியாகவும் ஆயிலைப் பிதுக்கும். பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் அளவு பார்ப்பதிலும் கவனம் தேவை. வண்டி பல நாள் நின்றால், டேங்கில் இருக்கும் ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் இருக்கும் அறையில் தேங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். நாம் மேலும் ஊற்றுவோம். ஸ்டார்ட் செய்ததும் அத்தனையும் டேங்குக்குத் திரும்ப, அதிகமானது பிரீதர் வழியாகக் கொட்டும். சில நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பாருங்கள்.

இடம் தெரிந்துவிட்டால் வைத்தியம் எளிது. டிரெயின் நட் என்றால் புது வாஷர். கவர் என்றால் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுத்துவிட்டு, புதியது போட்டு, நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் கவர் வளைந்து முன்பைவிட ஒழுகும். பசையை அள்ளிப் பூசவும் வேண்டாம். பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் போகும் வழியை அடைத்துவிடும்.

சைலன்சரில் நீலப் புகை, செயின் ஸ்பிராக்கெட் பின்னால் ஈரம், சிலிண்டர் ஹெட் மூட்டில் கசிவு... இந்த மூன்றும் மெக்கானிக் வேலை. பின் டயரிலோ பிரேக்கிலோ ஆயில் பட்டிருந்தால் வண்டியை ஓட்டிப் போகாமல், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். “எங்கேயோ ஒழுகுது அண்ணே” என்று சொல்லாமல், பவுடர் நனைந்த இடத்தை போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். தேவையில்லாமல் இன்ஜினைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும்!