பாரும் பவளமும் பழைய இரும்பும்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாரும் பலகை மரத்தாலானது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதைப் பாத்தியில் நிற்பவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே கரையில், தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிக் கடலில், 2018இல் பணியோய்வு பெற்ற ஐ.என்.எஸ். கடலூர் என்னும் கண்ணிவாரிக் கப்பலை மூழ்கடித்து, முக்குளிப்போருக்கான அருங்காட்சியகமாக்கும் திட்டம் பேசப்பட்டது. கரையிலிருந்து 7 கிலோமீட்டர், ஆழம் 26 மீட்டர் என்றெல்லாம் கணக்குச் சொன்னார்கள். மேற்குக் கரையில் ஐ.என்.எஸ். குல்தார் 2025இல் இதே நோக்கத்திற்காக மகாராஷ்டிரச் சுற்றுலாத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இது தனியொரு ஊரின் ஆசையன்று, பரவிவரும் மோகம்.

இத்தகைய முயற்சிகளுக்கு நம் இதழ்கள் சூட்டும் பெயர் 'செயற்கைப் பவளப்பாறை'. தமிழ் கற்பிக்கும் நமக்கு முதலில் உறுத்துவது இந்தச் சொல்தான். பவளப்பாறை என்பது மன்னார் வளைகுடாவில் இருப்பது. சின்னஞ்சிறு விலங்குகள் சுண்ணத்தால் தலைமுறை தலைமுறையாகக் கட்டி எழுப்புவது. கடலடியில் மீன் அடையும் மேட்டுக்கும் பாறைக்கும் தமிழ்க் கடலோடிகளிடம் 'பார்' என்ற சொல் உண்டு. முத்துப்பார் என்பதை அறியாதவர் யார்? இரண்டையும் ஒன்றாக்குவது வெறும் மொழிபெயர்ப்புப் பிழை என்று நாம் கருதவில்லை. பவளம் என்றால் பார்க்க வரும் பயணி நினைவுக்கு வருகிறார். பார் என்றால் அங்கே மீன்பிடிப்பவர் நினைவுக்கு வருகிறார். சொல்லை மாற்றினால் ஆளையும் மாற்றிவிடலாம் அல்லவா?

குளிர்கடல்களில் கப்பல்கள் அழகாகக் கிடக்கின்றனவே என்று நண்பர்கள் கேட்கலாம். கிடக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃபுளோவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகள் தங்கள் கடற்படையைத் தாமே மூழ்கடித்தனர். மீட்டு உடைத்தவை போக எஞ்சியவற்றைக் காண இன்றும் முக்குளிப்போர் செல்கின்றனர். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் 2004இல் ஸ்கில்லா என்ற போர்க்கப்பலைத் திட்டமிட்டே மூழ்கடித்தனர். 1628இல் மூழ்கிய சுவீடனின் வாசா மரக்கப்பல் 1961இல் ஏறக்குறைய முழுதாக மேலே வந்தது. காரணம், உப்புக் குறைந்த பால்டிக் நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழ்வதில்லை. நம் கடலோ வெதுவெதுப்பும் உப்பும் மிக்கது. இங்கே மரத்தைப் புழு தின்னும். இரும்பைத் துரு விரைந்து தின்னும்.

புயலையும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2002இல் மூழ்கடிக்கப்பட்ட 155 மீட்டர் நீள ஸ்பீகல் குரோவ் கப்பல் தவறிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. 2005இல் வந்த டென்னிஸ் புயல் அதை நிமிர்த்தி நிறுத்திற்று. அத்தனை பெரிய கப்பலையே புரட்டும் கடலை, 2011இல் தானேயையும் 2024இல் ஃபெஞ்சலையும் கண்ட நாம் எளிதாக எண்ணலாமா? அதே ஃபுளோரிடாவில் 1970களில் மீன்களுக்கு வீடு கட்டுவதாகச் சொல்லி ஏறத்தாழ 20 இலட்சம் பழைய டயர்களைக் கடலில் இறக்கினர். கட்டுகள் அறுந்தன, டயர்கள் உருண்டு உண்மையான பவளப்பாறைகளைச் சிதைத்தன. அவற்றை அள்ளும் வேலை பல்லாண்டுகள் நீண்டது.

நாம் செயற்கைப் பார்களுக்கு எதிரிகள் அல்லர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தமிழகக் கரையோரம் இறக்கிய காங்கிரீட் கட்டமைப்புகளில் மீன் அடைகிறது. இழுவைமடிகள் அவ்விடங்களை அரிக்க அஞ்சுவதால் சிறுபடகுக்காரருக்கு அது காவலுமாகிறது. ஆனால் அடையும் மீனெல்லாம் புதிதாகப் பெருகிய மீனா, சுற்றியிருந்தது ஓரிடத்தில் கூடியதா என்ற கேள்வியில் அறிவியலாரிடையே விவாதம் தீர்ந்தபாடில்லை. கூடியதுதான் என்றால் அதைப் பிடிக்கும் உரிமை எவருக்கு? முக்குளிப்போரின் பாதுகாப்புக்கென்று அவ்விடத்தில் வலைவீச்சைத் தடுத்தால், குப்பத்தின் மீனைக் கூட்டிவைத்துக் குப்பத்துக்கே கதவடைத்ததாகும். தடுக்காவிட்டால் செவுள்வலைகள் துருப்பிடித்த விளிம்புகளில் சிக்கிக் கிழியும். அறுந்த வலை ஆளின்றியே மீன்களைக் கொன்றுகொண்டிருக்கும். கிழியும் வலையின் விலையை எந்த அருங்காட்சியகமும் தன் நுழைவுச்சீட்டில் சேர்ப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. எந்தக் கப்பலையும் இறக்குமுன், அந்த இடத்தில் ஏற்கெனவே பார் உண்டா, அதற்கு என்ன பெயர், யார் எந்தப் பருவத்தில் அங்கே வலை விடுகிறார்கள் என்று கரையோரக் குப்பங்களில் கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலைத் தமிழிலேயே வெளியிடுங்கள். அவர்கள் ஒப்பினால் இறக்குங்கள். மறுத்தால் கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிடுங்கள். கடலடி வெற்றிடமன்று. அதற்குப் பெயரிட்டவர்கள் இன்னும் கரையில்தான் இருக்கிறார்கள்.