காளான் குளிசையும் கீமோ எடுப்பவரின் இதயமும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கோ மஹரகமவுக்கோ கீமோ ஏற்றச் செல்பவரின் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: "மருந்து இதயத்தைப் பாதிக்குமாம், காளான் குளிசை குடித்தால் காக்குமாமே?" பயத்தில் பிறக்கும் நியாயமான கேள்வி இது. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. மார்பகப் புற்றுக்கும் லிம்போமாவுக்கும் ஏற்றப்படும் சிவப்பு மருந்தான டொக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. ஏற்றிய பின் சிறுநீர் சிவப்பது மருந்தின் நிறம்தான். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இதயத்துக்கு வரும் ஆபத்து, ஏற்றிய மொத்த அளவோடு கூடுகிறது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வின் கணிப்பு இது: உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கும், 550 ஏறியவர்களில் 26 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு வரலாம். வைத்தியர்கள் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக் கணக்கு வைப்பது இதனால்தான்.

காளான் பற்றிய பேச்சும் வெறும் கட்டுக்கதையல்ல. சீனர் லிங்சி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் அழைக்கும் கனோடெர்மா காளானின் சாறு, எலிகளின் இதயக் கலங்களுக்கு ஏற்படும் சேதத்தைக் குறைப்பதாக ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். கேரளத்தின் திருச்சூரிலுள்ள அமலா புற்றுநோய் ஆய்வு மையமும் இந்தக் காளானை நீண்டகாலம் ஆராய்ந்தது.

ஆனால் எலியில் கண்ட பலன், கீமோ எடுக்கும் மனிதரின் இதயத்தையும் காக்கும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆய்வில் கொடுத்தது அளந்தெடுத்த சாறு. கடைக் குளிசையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. கனோடெர்மா இரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தக் கூடும். கீமோவால் இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கும் நேரத்தில் அது இரத்தக்கசிவுக்கு வழிவிடலாம்.

இதயத்தைக் காக்க ஆதாரமுள்ள வழிகள் வேறு இருக்கின்றன. சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் எக்கோ பரிசோதனை, பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைத்தல், தேவையானவர்களுக்கு வைத்தியர் தரும் டெக்ஸ்ராசொக்சேன் என்ற மருந்து ஆகியவை அவை. கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிகிச்சை முடிந்து வருடங்கள் கழிந்திருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்து தேடுவது இஸ்லாமிய மார்க்கம் காட்டிய வழி. எதைக் குடிக்கிறோம் என்று வைத்தியரிடம் சொல்வதும் அந்தத் தேடலில் அடங்கும். வீட்டில் காளான் குளிசை இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.