‘முன்னாடி’ எப்படி ‘பின்னாடி’ ஆனது?

“சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்கம்மா” என்றார் டாக்டர். அம்மாவுக்குக் கேட்டதோ “சாப்பாட்டுக்குப் பின்னாடி”. தைராய்டு மாத்திரை அது. வெறும் வயிற்றில் போட வேண்டும்; சாப்பாடும் காபியும் சேர்ந்தால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. மூன்று வாரம் கழித்து நான் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, இட்லி, காபி எல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அவர் பின்னாடின்னுதான்டா சொன்னாரு” என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் அம்மா பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அவர் போட்ட மாத்திரை எல்லாமே சாப்பாட்டுக்குப் பின்னாடிதான். அதனால், டாக்டர் வாக்கியத்தைத் தொடங்கியதுமே அம்மாவின் மூளை அதை முடித்துவிட்டது.

மூளை ஏன் முந்துகிறது?

காது முழுதாகக் கேட்ட பிறகுதான் மூளை அர்த்தம் தேடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதிவுசெய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை வெட்டிவிட்டு, அங்கே ஒரு இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரும் தவறான ஒலியைத்தான் காட்டினார். காதில் விழாததை மூளையே நிரப்பிக்கொண்டது.

1999-ல் ஜெர்ரி ஆல்ட்மன், யூகி கமிடே இருவரும் கேட்பவர்களின் கண்ணைக் கவனித்தார்கள். படத்தில் ஒரு பையன், ஒரு கேக், சில பொம்மைகள். ஆங்கிலத்தில் ‘சாப்பிடுவான்’ என்ற வினைச்சொல் முதலில் வரும். அது காதில் விழுந்ததுமே, ‘கேக்’ என்ற சொல் வருவதற்குள் கண்கள் கேக்கைத் தேடிப் போயின.

தமிழில் வினை கடைசியில்தானே வரும், நாம் என்ன செய்வோம்? நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில் 2003-ல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு துப்பு தருகிறது. ‘பணிப்பெண் வாடிக்கையாளருக்கு’ என்று வேற்றுமை உருபு வந்தவுடனேயே, கேட்பவர்கள் மேஜைக்கு வரப்போகும் உணவைப் பார்த்தார்கள். வினைக்குக் காத்திருக்கவில்லை.

அடுத்த சொல் இன்னதுதான் என்று அச்சு அசலாக ஊகிக்கிறோமா என்பதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. 2005-ல் வந்த ஒரு புகழ்பெற்ற முடிவு, 2018-ல் 9 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது மறுபடி கிடைக்கவில்லை. ஆனால், வரப்போகும் பொருளை மூளை எதிர்பார்க்கிறது என்பதற்குச் சான்றுகள் ஏராளம்.

இது குறையும் இல்லை. இந்த வேகம் இல்லாவிட்டால் பஸ் இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியாது.

எங்கே தவறுகிறோம்?

தப்பாகக் கேட்டவருக்கு, தப்பாகக் கேட்டோம் என்பதே தெரியாது. அங்கேதான் சிக்கல். காது மந்தமாகும் வயதில் இந்த ஊகத்தின் மீதான சார்பு கூடுகிறது. தவறாகக் கேட்டதையும் உறுதியாக நம்புவது முதியவர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மருந்துக்கடைக்காரர் கவரில் ‘முன்’ என்று டிக் அடித்துத்தான் கொடுத்திருந்தார். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே ‘தெரிந்த’ விஷயம்தானே!

ஆகவே, “புரிஞ்சுதாம்மா?” என்ற கேள்வியால் பிரயோஜனம் இல்லை. “புரிஞ்சுது” என்ற பதில்தான் வரும். சத்தமாகச் சொன்னாலும் ஊகம் ஓடிவிடாது. மாறாக, “எப்போ போடப்போறீங்க, நீங்களே ஒரு தடவை சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். முன்னாடி, பின்னாடி என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைத் தவிர்த்து, “வெறும் வயித்துல” என்று சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் டாக்டருக்கு ஏது நேரம் என்பீர்கள். நியாயம்தான். ஆனால், இதற்குப் பத்து விநாடி போதும். டாக்டர் கேட்காவிட்டால் நர்ஸ் கேட்கலாம், மருந்துக்கடையில் கேட்கலாம். கூடப் போகிற பிள்ளைகள் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். “எப்பம்மா போடணும்?”

“வெறும் வயித்துல. அப்புறம் அரை மணி நேரம் காபி கிடையாது. அதானே?” என்கிறார், காபிக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டே.