மண் காய்ந்தால் அரைப்பேர்

பெயரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் ஊர் நல்லதண்ணி. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போவோர் பேருந்தை விட்டிறங்கி நடக்கத் தொடங்கும் இடம். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அதில் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் மலையகத்தின் மேற்குச் சரிவுக்கு வறண்ட காலமும் ஆகும். யாத்திரிகர் வானம் தெளிவாயிருக்க வேண்டுமென வேண்டிக்கொள்ளும் அதே நாட்களில், பக்கத்து லயங்களில் இருப்பவர்கள் ஒரு மழைக்காக வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம் அங்கே போயிருந்தேன். பீலியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. கலன்களோடு காத்திருந்த பெண்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "மழ பேஞ்சு நாப்பது நாளாச்சுங்கய்யா. மரம் குடுத்தாத்தானே நாங்க குடுக்க? கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான் போடுறாங்க."

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்தாலும், நிர்வாகம் விதித்த எடையை எட்டாதவருக்குச் செக்ரோலில் அரை நாள் வேலை என்று எழுதுவது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் வர்த்தமானியில் உயர்ந்தது. வர்த்தமானி சொல்வது முழுப்பேருக்குத்தான். அரைப்பேர் விழுந்த வீட்டுக்கு அந்த உயர்வு வந்து சேர்வதில்லை.

நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன். ஆனால் இந்தக் கணக்கிலுள்ள மோசடியைக் காண விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. மண்ணில் ஈரம் குறைந்தால் தேயிலை முதலில் நிறுத்துவது புதுத் துளிரைத்தான். பறிப்பதோ அந்தத் துளிரைத்தான். ஆகவே மண்ணின் வறட்சி, சில வாரங்களில் கூடையின் எடையாகிறது. கூடையின் எடை, தொழிலாளியின் 'திறமைக் குறைவாக' ஏட்டில் ஏறுகிறது. இயற்கை செய்த குறைக்கு அந்தப் பெண்ணின் கூலியில் தண்டம் அறவிடப்படுகிறது.

இத்தனைக்கும் ஈரத்தை அளக்கத் தெரியாத தொழிலன்று இது. தொழிற்சாலையில் காய்ந்த தேயிலையின் ஈரப்பதத்தை நூற்றுக்கு இத்தனை என்று துல்லியமாகப் பார்க்கிறார்கள். மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால், தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழிப்பது பல தோட்டங்களில் பழக்கம். கொழுந்திலுள்ள ஈரத்துக்கு எடை கழிக்கத் தெரிந்தவர்களுக்கு, மண்ணில் ஈரமில்லாதபோது எடை இலக்கைக் குறைக்க மட்டும் ஏன் தெரியாமற்போகிறது?

"வறட்சியை யார் அளப்பது?" என்று கேட்பார்கள். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் அதற்கு வைத்திருந்த அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றினால், 1960களில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தலைகாட்டும். உடனே படத்தோடு ஒரு செய்தி. நானும் எழுதியிருக்கிறேன், அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். அந்த நீர்மட்டம் மழையை மட்டுமன்று, மின்சாரத்துக்கு எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பதையும் காட்டுவது. தேக்கத்து நீர் சுரங்கவழியே மின்நிலையங்களுக்கு இறங்கிப்போகும். சரிவிலுள்ள தேயிலைக்கு ஏறிவராது. மலைத் தேயிலைக்கு வானத்தையும் வேரடி மண்ணையும் தவிர வேறு நீர்த்தொட்டி கிடையாது.

மழைமானிக் கணக்கும் போதாது. தோட்டங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக மழையைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அது பெரிய செல்வம். ஆனால் ஒரே மாலையில் கொட்டிய 60 மில்லிமீற்றர் மழையும், பத்து நாள் தூறிய 60 மில்லிமீற்றர் மழையும் ஏட்டில் ஒன்றே. முன்னதில் பெரும்பகுதி கான்வழியே ஓடிவிடும். பின்னது வேருக்கு இறங்கும். கோப்பிக் காலந்தொட்டு மேல்மண் கழுவப்பட்டு வரும் சரிவுகளில் நீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் குறைந்துவிட்டது. விதைத் தேயிலைக்கு ஆழப்போகும் ஆணிவேர் உண்டு. பின்னாளில் வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்துப் பரப்பிய இனங்களுக்கு அது கிடையாது. ஆகவே ஒரே மழை பெய்த இரண்டு மலைகளில், ஒன்று தாங்கும், மற்றொன்று வாடும்.

செய்மதி இருக்கிறதே என்பார்கள். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2009இல் 'ஸ்மொஸ்' செய்மதியையும், நாசா 2015 ஜனவரியில் 'ஸ்மாப்' செய்மதியையும் மண் ஈரத்தை அளக்கவே அனுப்பின. நிலத்திலிருந்து எழும் நுண்ணலை, மண் நனைந்திருந்தால் குறையும், காய்ந்திருந்தால் கூடும், அதைக்கொண்டு கணிக்கிறார்கள். பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இத்தகைய தரவுகளைக் கொண்டு தெற்காசியாவுக்கு ஒரு வறட்சிக் கண்காணிப்பு முறையையே அமைத்தது. சமவெளி வயல்களுக்கு இவை பேருதவி. மலைக்கு? ஸ்மாப்பின் ராடார் அதே ஆண்டு ஜூலையில் பழுதடைந்தது; எஞ்சிய கருவி நேராக உணர்வது மேல்மண்ணில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றரை; அதன் அடிப்படைக் கட்டம் ஒன்று 36 கிலோமீற்றர் நீள அகலம். நல்லதண்ணிக்கும் நுவரெலியாவுக்கும் நேர்கோட்டில் அவ்வளவு தூரங்கூட இல்லை. ஈரக்காடும் தேயிலைச் சரிவும் நீர்த்தேக்கமும் நகரமும் ஒரே கட்டத்தில் விழுந்து சராசரியாகிவிடுகின்றன. அடர்ந்த செடிகொடியும் செங்குத்துச் சரிவும் இருக்குமிடத்தில் இக்கணிப்பின் நம்பகம் குறையும் என்பதை அத்துறையினரே ஒத்துக்கொள்கிறார்கள். செய்மதியின் குறையன்று இது; செய்மதியைக் காட்டித் தரையில் அளக்காமலிருப்போரின் குறை.

தரையில் அளப்பது அப்படியென்ன கடினம்? வேர்கள் நிறைந்த ஆழத்தில், ஓரடி அளவில், மண் எடுங்கள். நிறுங்கள். 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 24 மணிநேரம் உலர்த்துங்கள். மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் மண்ணிலிருந்த நீர். இதற்கு வேண்டியது ஒரு துளைப்பான், ஓர் அடுப்பு, ஒரு தராசு. தராசு இல்லாத தோட்டம் உண்டா?

அரசுக்கும் இந்த மண்ணைக் கண்காணிக்கத் தெரியாமலில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைகள் சரிந்ததையும் நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று வரம்பு வகுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, அது இன்னும் வலுப்பட வேண்டும். ஆனால் அதே மண் காயும்போது எந்த வரம்பும் இல்லை, எந்த அறிவிப்பும் இல்லை. நனைந்த மண் ஓரிரவில் கொல்வதால் செய்தியாகிறது. காய்ந்த மண் மூன்று மாதம் அரைவயிற்றில் வைத்திருக்கிறது. அது கடன் கொடுத்த கடைக்காரரின் கொப்பியில் மட்டும் பதிவாகிறது.

விளைவு சிறியதென்று யாரும் சொல்ல வேண்டாம். 1992இன் வறட்சியில், முந்தைய ஆண்டு ஏறத்தாழ 24 கோடி கிலோவாயிருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 18 கோடிக்கு இறங்கியது. தோட்டங்கள் தனியார் முகாமைக்குக் கைமாறியதும் அதே ஆண்டில்தான். நிறுவனங்களின் நட்டம் கிலோவில் எழுதப்பட்டது. அந்த ஆறு கோடி கிலோவைப் பறிக்கக் கிடைக்காத கைகளின் நட்டத்தை எழுதியவர் யார்? பின்னாளில் அரசு இலவசப் பயிர்க் காப்புறுதி கொண்டுவந்தபோதும் நெல், சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய், பெரிய வெங்காயம், சோயா ஆகியனவே அதில் இடம்பெற்றன. இருந்தாலும் அது நிலமுள்ளவனுக்கான காப்புறுதி. தோட்டத் தொழிலாளிக்கு மண்ணும் சொந்தமில்லை, பயிரும் சொந்தமில்லை. வறட்சி மட்டும் சொந்தம்.

நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: வறட்சியில் எங்களுக்கும் வருமானம் இல்லை, இலக்கைக் குறைத்தால் உழைக்காதவரும் முழுப்பேர் கேட்பார் என்பார்கள். உழைக்காதவரையும் உழைத்தும் கொழுந்து கிடைக்காதவரையும் பிரித்தறியத்தானே மண்ணை அளக்கச் சொல்கிறேன்! அளக்காதவரை இருவரும் ஏட்டில் ஒன்றே.

ஆகவே கேட்கவேண்டியவை மூன்று. ஒவ்வொரு டிவிஷனிலும் வாரம் ஒருமுறை வேரடி ஈரம் அளக்கப்பட வேண்டும். அந்த எண், பிரட்டுக்களத்தில் எல்லாரும் வாசிக்கும்படி தமிழில் எழுதப்பட வேண்டும். 1925இலிருந்து தேயிலையை ஆராய்ந்துவரும் நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. எந்த அளவுக்குக் கீழே ஈரம் போனால் கொழுந்து குறையும் என்று அது வரம்பு வகுக்கட்டும். அந்த வரம்புக்குக் கீழே மண் போன நாட்களில் எடை இலக்கு தானாகக் குறையவும் அரைப்பேர் நிற்கவும் கூட்டு ஒப்பந்தம் வழிசெய்ய வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, சம்பள எண்ணோடு இந்த ஈர எண்ணையும் கையில் எடுத்துப் போகட்டும்.

பீலியடியில் அந்த அம்மா சொன்னது விஞ்ஞானத்துக்கு முரணானதன்று. மரம் கொடுத்தால்தான் அவர் கொடுக்க முடியும். மண் கொடுத்தால்தான் மரம் கொடுக்கும். அவருடைய கூடையை ஒவ்வொரு நாளும் நிறுக்கிறவர்கள், வாரத்துக்கு ஒருநாள் அந்த மண்ணையும் நிறுக்கட்டும்.