கீழ்த்தளத்துக்கு எட்டாத வெளிச்சம்

பெங்களூரில் வீடு கட்டுகிறவர்களில் பலருக்குக் கிடைப்பது முப்பதுக்கு நாற்பது சைட். 1,200 சதுர அடி. செட்பேக் என்று பக்கவாட்டில் விடும் இடம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. பக்கத்து வீட்டுக்காரரும் அவ்வளவுதான் விடுவார். பக்கச் சுவரில் எத்தனை பெரிய ஜன்னல் வைத்தாலும் எதிரே இருப்பது அடுத்த வீட்டுச் சுவர்தான். வெளிச்சம் தெருப் பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் மேலேயிருந்து.

நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் பலர் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று தளத்தையும் துளைத்துக்கொண்டு நடுவில் ஒரு திறப்பு, அதைச் சுற்றிப் படிக்கட்டு, உச்சியில் கண்ணாடி. நம் இதழுக்கு வரும் படங்களில் இந்த நடுத் திறப்பு இல்லாத வீடு அபூர்வம். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மேல்தளத்திலிருந்து, வெயில் சரியாக விழும் நேரத்தில் எடுத்தவை. வயதான பெற்றோருக்கென்று ஒதுக்கும் கீழ்த்தள அறையில் பகல் மூன்று மணிக்கு விளக்கு எரிகிறதா என்பது படத்தில் தெரியாது.

சிக்கல் புதிதல்ல. கும்பகோணத்து அக்ரகாரங்களும் இதையே சந்தித்தவை. குறுகிய மனை, இரு பக்கமும் பொதுச்சுவர். திண்ணை, ரேழி தாண்டி உள்ளே போனால் நடுவில் முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் கூடம். தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை உச்சிவெயிலைத் தடுத்துவிடும். முற்றத்துத் தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் கூடத்துக்கு வந்தது. அது நன்றாக நடந்ததற்குக் காரணம், வீட்டின் உயரம் ஒரு தளம்தான்.

கோரமங்களாவில் 1985க்கும் 1988க்கும் இடையே சார்ல்ஸ் கொரியா தமக்கென்று கட்டிய வீடும் இந்த வழியில் வந்ததே. தமிழ்நாட்டிலும் கோவாவிலும் உள்ள பழைய வீடுகளின் நடுமுற்றத்தை மனத்தில் வைத்து, வானம் திறந்த முற்றத்தைச் சுற்றி அறைகளை அமைத்தார். முற்றத்தில் ஒரு மரம். அவருடையது மூலை மனை; தளத்துக்கு மேல் தளமாக ஏற்ற வேண்டிய நெருக்கடி இல்லை. அந்த வீட்டை இன்று முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் முற்றத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அதன் அகல உயர விகிதத்தை விட்டுவிடுகிறார்கள்.

விகிதம் என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு எளிது. இரண்டு மீட்டர் அகலத்தில், தெற்கு வடக்காக நீளும் ஒரு திறப்பை எடுத்துக்கொள்வோம். சுவர் உயரம் மூன்று மீட்டர் என்றால், தரையின் நடுவிலிருந்து அகலவாட்டில் சுமார் 37 பாகை வானம் தெரியும். சூரியன் உச்சியைக் கடக்கும் நாளில் அந்த இடத்துக்கு இரண்டரை மணி நேரம் வெயில் உண்டு. அதே திறப்பை மூன்று தளத்துக்கு, ஒன்பதரை மீட்டருக்கு உயர்த்தினால் தெரியும் வானம் 12 பாகை. வெயில் ஐம்பது நிமிடம்கூட நிற்காது. இது நல்ல நாளின் கணக்கு. டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 36 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். திறப்பின் நீளம் மூன்று மீட்டர் என்றால், வெயில் மேலிருந்து நான்கு மீட்டர் அளவுக்கே இறங்கும். கீழே இருப்பவர்களுக்குச் சுவரில் பட்டுப் பட்டு வரும் வெளிச்சம்தான் மிச்சம்.

அந்தச் சுவரை நாம் எப்படி முடிக்கிறோம்? எக்ஸ்போஸ்டு கான்கிரீட், வயர்கட் செங்கல். வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். சாம்பல் கான்கிரீட்டும் செங்கல்லும் அனுப்புவது முப்பது சதவீத அளவே. இரண்டு முறை பட்டுத் தெறித்தால் வெள்ளையில் ஏறக்குறைய பாதி மிஞ்சும், செங்கல்லில் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. கீழ்த்தளத்து வெளிச்சத்தை ஐந்து மடங்கு குறைப்பது பூச்சைப் பற்றிய ஒரு முடிவு. செங்கல் பிடித்தால் தெரு முகப்பில் வைக்கலாம்.

அடுத்தது மேலே மூடும் கண்ணாடி. மழை, கொசு, பாதுகாப்பு என்று வீட்டுக்காரர் சொல்லும் காரணங்கள் நியாயமானவையே. ஆனால் ஆறு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடியைக் கிடையாகப் போட்டால், தெளிந்த நண்பகலில் நான்கு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே இறங்கும்; ஒரு கிலோவாட் ஹீட்டர் நான்கை நடுக்கூடத்தில் எரியவிட்டது போல. இந்த ஊரில் வெக்கை மிகும் மார்ச், ஏப்ரலில்தான் சூரியனும் உச்சியை நெருங்கி நிற்கிறது. கண்ணாடியைச் சுவருக்கு மேல் ஒன்றரை அடி தூக்கி, சுற்றிலும் லூவர் வைத்துச் சூடான காற்றை வெளியே விடுவது குறைந்தபட்ச ஏற்பாடு. நேர்வெயிலைச் சிதறடிக்கக் கண்ணாடிக்கு மேலேயே பர்கோலா வேண்டும். பெங்களூர் ஐஐஎம்மில் தோஷி அமைத்த நடைவழிகளில், திறந்த வானமும் பர்கோலாவும் மூடிய கூரையும் மாறி மாறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘வடக்குப் பக்கம் திறந்தால் வெயில் வராது’ என்ற பாடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். அது ஐரோப்பிய அட்சரேகைக்குச் சரி. பெங்களூர் இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் 24 வாக்கில் நிழலற்ற நாள். அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் அடுத்த நிழலற்ற நாள் வரை, சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமே இருக்கிறது. ஜூன் நண்பகலுக்கு ஓரடி சன்ஷேட் போதும். காலை மாலைச் சாய்வெயிலுக்குச் செங்குத்தான பக்கத்தடுப்பு வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. மேலே போகப் போகத் தளங்களைப் பின்வாங்கித் திறப்பை அகலப்படுத்தலாம். அதனால் போகும் நூறு சதுர அடியை வீட்டுக்காரரிடம் பேசிப் புரியவைப்பது நம் வேலை. ஒரே பெரிய திறப்புக்குப் பதில் தேவைப்படும் இடங்களில் சிறியவற்றைப் பிரித்து வைக்கலாம். கொழும்பு 33ஆம் சந்தில் ஜெஃப்ரி பாவா 1958 முதல் பத்தாண்டுகளில் நான்கு வரிசை வீடுகளை ஒன்றாக்கியபோது அப்படித்தான் செய்தார். அங்கே சின்னச் சின்ன முற்றங்கள் வீடெங்கும் பரவிக் கிடக்கின்றன.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்கு 2.5 சதவீதப் பகல்வெளிச்சக் காரணியைச் சொல்கிறது. 8,000 லக்ஸ் வானத்தைக் கணக்கிட்டால் அது 200 லக்ஸ். கைபேசி அளவு நுட்பமாகக் காட்டாது, ஆனால் 200க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். வீட்டை ஒப்படைத்துவிட்டு வரும் முன் கீழ்த்தளத்தில் அளந்து பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆகாது.

ஆகவே ஒரு ஏற்பாடு. அடுத்த இதழிலிருந்து, வெளிச்சத்தை முன்வைத்து அனுப்பப்படும் வீடுகளுக்குப் படங்களோடு மூன்று தாள்கள் வேண்டும்: ஜூன், டிசம்பர் நண்பகல் வெயிலைக் குறித்த குறுக்குவெட்டு, பக்கத்து மனையில் மூன்று தளம் எழுந்தால் என்ன ஆகும் என்று காட்டும் இன்னொன்று, மழைக்காலத்து மாலை நான்கு மணிக்கு, விளக்கை அணைத்துக் கீழ்த்தள அறைகளில் எடுத்த லக்ஸ் அளவு. அளவு குறைவாக இருந்தாலும் அனுப்புங்கள். ஏன் குறைந்தது என்று எழுதினால் அதையும் வெளியிடுவோம்.